ரேடியோவின் சாட்சி

ஏப்ரல் 29, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்தில் இன்றைக்கு ஒரே சளி. ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் பங்கு போய்விடும். என் தோளில் யார் யார் மூக்கு துடைக்கப்பட்டது என்று கணக்கே இல்லை. வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்ததைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

என் மகள் ரேடியோ வெள்ளிக்கிழமை முகாமுக்குப் போகிறாள். சபை நடத்துகிற கோடை முகாம். டார்ச் லைட் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தேடிச் சாமான் அறையைக் குடைந்தேன். அந்தக் கதவின் தாழ்ப்பாள் இன்னும் கோணலாகவே தொங்குகிறது. போன வருஷம் ரேடியோ உள்ளே உட்கார்ந்து வேத வசனம் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தபோது, வெளிப்பக்கத் தாழ்ப்பாள் தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். சுத்தியலால் அடித்துத்தான் திறந்தேன். வெளியே வந்தவள் அழவில்லை, நான்தான் அழுதேன். "சரி பண்றேன்" என்று என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சொன்னார். ஊரிலுள்ள தண்ணீர் பம்புகளையெல்லாம் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்குச் சொந்த வீட்டுத் தாழ்ப்பாள் மட்டும் கண்ணில் படாது.

டார்ச் கிடைக்கவில்லை.

மே 1, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. டார்ச் புதிதாகவே வாங்கினேன்.

போதகரின் மனைவி வழியில் பார்த்துவிட்டு, "பதினாலு வயசுப் பொண்ண இன்னும் ரேடியோன்னு கூப்பிடுறீங்களே, அதுவும் திக்குற பிள்ளைய" என்றாள். கேட்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அந்தப் பேர் அவள் அப்பா வைத்தது. கைக்குழந்தையாக இருந்தபோது கண் விழித்ததும் ஆரம்பித்துவிடுவாள், தூங்குகிறவரை ஓயமாட்டாள். "இத நிறுத்துற பட்டன் எங்கடி இருக்கு" என்பார். ஐந்து வயதில் திக்க ஆரம்பித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒலிபரப்பு நின்றுபோயிற்று. ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் இன்னும் சிரிக்கிறாள், நான் என்ன செய்ய?

பாட்டில் திக்க மாட்டாள். மனப்பாட வசனத்திலும் திக்க மாட்டாள். இன்னொருத்தர் வார்த்தை என்றால் கடகடவென்று வரும். சொந்த வார்த்தை என்றால்தான் அடைத்துக்கொள்ளும். யாராவது கேள்வி கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் பதில் சொல்லிவிடுவேன். கடையில், டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில், எங்கேயும் நான்தான் அவளுக்கு வாய். "நீ முடிச்சு முடிச்சே அவ ஆரம்பிக்கிறதையும் விட்டுட்டா" என்கிறார் இவர். எதைப் பார்த்தாலும் அடைப்பு எங்கே என்று தேடுவதுதான் இவருக்குத் தொழில்.

முகாமில் யார் முடித்து வைப்பார்கள்? ஆண்டவரே, நீர்தான் பார்த்துக்கொள்ளும்.

மே 2, வெள்ளி

பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். பக்கத்தில் தையல்காரம்மாவின் மகள். அது வாயாடி, ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளும். வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருக்கிறது என்றேன். "அவ இருந்தாலும் நீதானே பேசுவ" என்றார் இவர். முறைத்தேன்.

மே 12, திங்கள்

அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து எழுதுகிறேன். சந்தோஷத்தில்தான்.

பஸ் வந்து நின்றது. ரேடியோ இறங்கினாள். டிரைவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல நான் "அந்த நீலப் பெட்டி..." என்று வாயெடுப்பதற்குள், அவளே சொல்லிவிட்டாள். "அண்ணா, அந்த நீலப் பெட்டி என்னோடது. கொஞ்சம் எடுத்துத் தாங்க." ஒரு எழுத்து தட்டவில்லை. கொஞ்சம் ராகம் போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வலது கைச் சுட்டுவிரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது, தட், தட், தாளம் மாதிரி. நான் பெட்டியைக்கூட வாங்காமல் அப்படியே நின்றேன்.

சொல்லிக்கொடுத்தது அவள் குழுவின் தலைவியாம். கிதார் வாசிக்கும் பெண், எல்லாப் பிள்ளைகளும் "கிதார் அக்கா" என்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் அவளே இன்னும் படிப்பு முடிக்காத பிள்ளை மாதிரி இருக்கிறாள். ரேடியோ பாட்டில் திக்குவதில்லை என்பதைக் கவனித்து, "அப்போ பேசாத, பாடு. மெட்டு யாருக்கும் தெரியாம மனசுக்குள்ள வச்சுக்கோ" என்றாளாம். ஒன்பது வருஷமாக எந்த டாக்டருக்கும் தோன்றாதது! அவளும் அதே பஸ்ஸில்தான் வந்திருந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். எனக்கே வாய் அடைத்துப் போயிற்று.

அவளும் என் கையை விடவில்லை. தாழ்ந்த குரலில், "ஆன்ட்டி, வீட்ல எல்லாம் சமாதானமா இருக்கா? உங்களுக்காக நாங்க தினமும் ஜெபிக்கிறோம்" என்றாள். எனக்காக எதற்கு? பரவாயில்லை, ஜெபம் யாருக்குத்தான் வேண்டாம்.

மே 14, புதன்

படுக்கையைத் தானே மடிக்கிறாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறாள், என்னுடையதையும் சேர்த்து. காலையில் நான் எழுப்புவதற்கு முன்னால் எழுந்து ஜெபிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, "உம் பொண்ண எங்க குடுத்து வெளுத்து வாங்கின?" என்று கேட்டாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒன்றுதான். அப்பாவிடமும் என்னிடமும் இன்னும் திக்குகிறாள். வெளி ஆட்களிடம் ராகம், எங்களிடம் பழையபடி. இவர் சொல்கிறார், "வீட்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நடக்கிறதில்லையா, அந்த மாதிரி." இருக்கலாம்.

மே 18, ஞாயிறு

இன்று சபையில் எல்லாரும் என்னிடம் மிக மிக அன்பாக இருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

தையல்காரம்மா என்னைத் தனியே இழுத்து, "நானும் கோவக்காரிதான். பிள்ளைங்க மேல கை வச்சவதான். கர்த்தர் என்னயே மாத்திட்டாரு" என்று கண் கலங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கோவக்காரிதான், ஊருக்கே தெரியும். என் நாக்கு என்னைக் கேட்டுக்கொண்டு புரள்வதில்லை. ஆனால் கை? என் பெண் மேல் நான் கை வைத்ததில்லை. அதைச் சொல்வதற்குள் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

போதகர் பிரசங்கத்தில் அடைத்த கதவுகளைப் பற்றிப் பேசினார். பேசும்போது என் பக்கம் பார்த்தாரா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

மே 20, செவ்வாய்

முகாமில் கடைசி நாள், கர்த்தர் தங்களை எப்படி மாற்றினார் என்று எல்லாரும் மேடையேறிச் சாட்சி சொன்னார்களாம். ரேடியோவும் சொன்னாளாம். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "சு... சும்மா" என்றாள். தையல்காரம்மா மகள் தான் கடையில் திருடியதைச் சொல்லி அழுதாளாம். அதற்கு எத்தனை பேர் சேர்ந்து அழுதார்கள் என்று விவரமாகச் சொன்னாள். தன்னுடையதை மட்டும் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

இன்றைக்குத் தெரிந்துவிட்டது.

இளைஞர் கூட்டத்தில் முகாம் வீடியோ போட்டுக் காட்டினார்கள். பெற்றோரும் வரலாம் என்றார்கள். நாங்கள் இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் ரேடியோ. கையில் மைக். விரல் தட்டுகிறது. என் பெண் அவ்வளவு பேர் முன்னால் பேசுகிறாள் என்று நான் இவர் கையை அழுத்திப் பிடித்தேன்.

"என் அம்மா என்னைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டுவாங்க. எனக்குப் பேச்சு வராததால் பூட்டுவாங்க. உள்ளே ஒரே இருட்டு. நான் கதவைத் தட்டுவேன், தட்டுவேன், யாரும் வர மாட்டாங்க. அப்போதுதான் அந்த இருட்டில் ஒரு குரல் கேட்டது..."

முன்வரிசையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். நாங்கள்தான் கடைசி.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

மே 26, திங்கள்

கேட்டேன். கத்தாமல்தான் கேட்டேன். சரி, முதலில் கத்தினேன், பிறகு கத்தாமல் கேட்டேன்.

"நானாடி உன்னப் பூட்டினேன்? சுத்தியல எடுத்துட்டு வந்து தொறந்தவடி நான்!"

தரையில் உட்கார்ந்து அழுதாள். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன், முடித்து வைக்கவில்லை. கடைசியில் வந்தது.

"எ... எ... எனக்கு இரு... இருட்டே இல்லம்மா. எ... எல்லாருக்கும் இருந்துச்சு."

சாட்சிக்கு மூன்று பாகமாம். இருட்டு, குரல், வெளிச்சம். கிதார் அக்கா ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, "உன் இருட்டு எதுன்னு தேடு" என்பாளாம். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். இவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. நல்ல அப்பா, திட்டுகிற அம்மா, இதை வைத்துக்கொண்டு என்ன சாட்சி சொல்வது? தேடித் தேடி, கடைசியில் சாமான் அறை ஞாபகம் வந்திருக்கிறது. "உள்ள மாட்டிக்கிட்டேன்" என்று திக்கித் திக்கிச் சொன்னாளாம். "யாரு பூட்டினா? அம்மாவா?" என்று அக்கா கேட்டாளாம். இல்லை என்று சொல்லி முடிக்க நேரமாயிற்று. அதற்குள் அக்கா கட்டிப்பிடித்து அழுதுவிட்டாளாம். அதன்பிறகு எப்படி இல்லை என்று சொல்வது? இரண்டு பேருமாக உட்கார்ந்து அதற்கு மெட்டுப் போட்டார்களாம்.

இதை முழுக்கத் திக்கித் திக்கித்தான் சொன்னாள். அதனால் நான் நம்புகிறேன்.

மே 28, புதன்

கிதார் அக்காவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று கிளம்பினேன். ரேடியோ வாசலில் நின்று தடுத்தாள். இரண்டு நாளாக வெளியிலும் திக்க ஆரம்பித்துவிட்டாள். பால் வாங்கப் போனவள் ஒன்றும் கேட்காமல் வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டாள். விரல் தட்டுகிறது, ஆனால் வார்த்தை வரவில்லை.

இவரிடம் சொன்னேன். "அந்தக் கதைய உருவினா பேச்சும் சேந்து உருவிட்டு வந்துடும்போல" என்றார். வேலை விஷயம் தவிர இவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே அபூர்வம்.

என் பேர் கெட்டால் என்ன? நாலு பேர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் என் தோல் உரிந்துவிடுமா? எனக்கு ஏற்கெனவே ராட்சசி என்றுதான் பேர். போகட்டும், விட்டுவிடலாம். அவளைக் கூப்பிட்டு, "நான் ஒண்ணும் சொல்லல. நீ பேசு, அது போதும்" என்றேன். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மே 30, வெள்ளி

இவர் சாமான் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டார். ஒரு வழியாக.

ஜூன் 8, ஞாயிறு

பக்கத்துப் பேட்டைச் சபையில் ரேடியோவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். கிதார் அக்கா வந்து அழைத்துப்போனாள். நான் தலை பின்னிவிட்டேன். என்னைப் பற்றிய பொய்யைச் சொல்லப் போகிறவளுக்கு நானே ரிப்பன் கட்டி அனுப்புகிறேன். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?

திரும்பி வந்தபோது முகம் முழுக்கப் பளபளப்பு. வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டே கேட்டேன். என் ரேடியோவின் குரல் இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

போகட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

காப்பகத்தில் மேடம் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் அவருடைய ஃபோன். அந்த வீடியோதான், பக்கத்துப் பேட்டையில் எடுத்தது. நம் காப்பகத்தில் பிள்ளை விடுகிற ஒரு தாய் அனுப்பியிருக்கிறாள். ஃபோன் ஃபோனாகச் சுற்றிவிட்டதாம்.

"எனக்கு உங்களத் தெரியும். ஆனா பெத்தவங்க கேக்குறாங்களே, நான் என்ன பதில் சொல்றது? இந்த விஷயம் தெளியிற வரைக்கும் வராதீங்க" என்றார்.

என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை ஆயா வந்து வாங்கிக்கொண்டாள். அது தூக்கத்திலேயே என் காலரை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

போதகர் வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஒரு பிள்ளை இப்படிச் சொன்னா நாங்க மேல தெரியப்படுத்தியே ஆகணும்மா. முகாம் விதியே அதான். முகாம் முடிஞ்ச வாரமே எழுதி அனுப்பிட்டாங்க" என்றார். முகாம் முடிந்த வாரமே! நான் கிதார் அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொல்ல நின்ற அந்த வாரம்.

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. வேறு யாராவது பெண் சொல்லி, அவர்கள் சும்மா இருந்திருந்தால், நானே முதல் ஆளாகப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன்.

ஜூன் 26, வியாழன்

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். நல்ல மாதிரி. குடிக்கத் தண்ணீர்கூட வாங்கவில்லை, அது விதியாம். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சாமான் அறைக் கதவில் கை வைத்து, தாழ்ப்பாள் இருந்த இடத்து ஓட்டைகளை விரலால் தடவினார்.

"தாழ்ப்பாள எப்போ கழட்டினீங்க?"

இவர் உள்ளதைச் சொன்னார், போன மாதம் கடைசியில் என்று.

"வீடியோ பாத்த பிறகா?"

"ஆமா."

எழுதிக்கொண்டார்.

பிறகு இவரிடம் என்னைப் பற்றிக் கேட்டார். "பிள்ளைன்னா உசிரு. கொஞ்சம் கோவக்காரி, அவ்வளவுதான்" என்றார் என் புருஷன். உள்ளதைத்தான் சொன்னார், மகராசன். பேனா எந்த வார்த்தையில் நகர்ந்தது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ரேடியோவை விசாரிக்கிறார்களாம். அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிற மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் துணி காயப்போடும்போது அவளே பக்கத்தில் வந்து நின்றாள். "நா... நா... நான் சொ... சொல்லிடுறேம்மா. உ... உண்மைய" என்றாள். நான் பெட்ஷீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

ஜூலை 4, வெள்ளி

ஒழுங்காக எழுதிவிட வேண்டும், பிறகு மனசு மாற்றி மாற்றிச் சொல்லும்.

அலுவலகத்தில் ஒரு அறையை மரத் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். உள்ளே அந்த அலுவலர் அம்மாவும் ரேடியோவும். வெளியே பெஞ்சில் நாங்கள், எதிர் பெஞ்சில் கிதார் அக்கா. பொம்மை ஒட்டின சுவர். தடுப்பு மேலே வரை எட்டவில்லை, உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. சபையில் சாட்சி என்றால் கை தட்டுவார்கள். இங்கே டைப் அடிக்கிறார்கள்.

"சாமான் ரூம்ல என்ன நடந்துச்சு, சொல்லும்மா."

விரல் தட்டவில்லை. அதை நான் காது கொடுத்துக் கேட்டேன், மேசை மேல் விரல் தட்டவில்லை. என் பெண் மெட்டில்லாமல், சொந்தமாகப் பேசப் போகிறாள் என்று புரிந்தது.

"அ... அம்மா பூ... பூட்... பூட்..."

எனக்குத் தெரியும் என்ன வருகிறதென்று. பூட்டல. பூட்டல என்று சொல்ல வருகிறாள். இன்னும் ஒரு எழுத்து. அந்த ஒரு "ல" வந்துவிட்டால் போதும்.

"பூட்... பூட்ட... பூட்..."

"பூட்டினாங்களா?" என்றார் அந்த அம்மா, அவ்வளவு அன்பாக. "அழாத கண்ணு. பயப்படாத. அம்மா இங்க இல்ல."

என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன். கத்திவிட்டேன். "பூட்டலன்னு சொல்ல வர்றா! அவ பூட்டலன்னுதான் சொல்ல வர்றா! முடிக்க விடுங்க!"

வெளியே இருந்த ஊழியர் வந்து என் எதிரில் நின்றார். "அம்மா, உக்காருங்க. நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது." இவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கிதார் அக்கா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போலிருந்தது. அவளும் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

உள்ளே மறுபடி கேட்டது. "அம்மா சத்தம் கேட்டு பயந்துட்டியா? சரி, சரி. உனக்கு எப்படிச் சொன்னா ஈஸியா வருமோ அப்படிச் சொல்லு."

அப்புறம் மேசை மேல் தட், தட், தட்.

"என் அம்மா என்னைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டுவாங்க. எனக்குப் பேச்சு வராததால் பூட்டுவாங்க. உள்ளே ஒரே இருட்டு..."

கடைசி வரை சொன்னாள். வெளிச்சம் வருகிற இடம் வரை.

ஜூலை 5, சனி

அவள் எங்களோடு இருக்கக் கூடாது என்று குழந்தைகள் நல அலுவலகத்தில் உத்தரவு போட்டுவிட்டார்கள், பள்ளி வருஷம் முடிகிறவரை முகாம்காரர்கள் நடத்துகிற பெண்கள் விடுதியில் இருப்பாள். கிதார் அக்கா பொறுப்பு ஏற்றுக் கையெழுத்துப் போட்டாள். வீட்டிலிருந்து நேராகப் போகலாம் என்றார்கள், பெட்டி நானே கட்டினேன். அதே நீலப் பெட்டி. அந்த டார்ச்சையும் வைத்தேன்.

வாசலில் நின்று, "அம்மா, நா... நா..." என்றாள். இந்தத் தடவை நான் முடிக்கவில்லை. நின்றேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வண்டிக்கு நேரமாச்சு கண்ணு, வா" என்று கிதார் அக்கா தோளில் கை போட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ண விடுகிறார்கள். வரிசையில் நின்று பேச வேண்டுமாம். "அ... அ... அம்மா" என்று ஆரம்பித்தாள். அதிலேயே எனக்கு உயிர் வந்தது. என்னவோ சொல்ல வந்தாள். நான் "ம்" கூடக் கொட்டவில்லை, அவசரப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுமே என்று. "பூ... பூட்..." பின்னால் யாரோ மணி அடித்தார்கள். அடுத்த பிள்ளையின் முறை.

ஜூலை 15

மேடம் ஆள் அனுப்பி என் டீ கப்பையும் மாற்றுத் துணியையும் கொடுத்துவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

பேசினாள். பாதி திக்கல், பாதி ராகம். திக்கின பாதியில் "எ... எப்போ வ... வருவீங்க" என்றாள். மனு கொடுத்திருக்கிறோம் என்றேன். பார்க்க வருவதற்கே அனுமதி வேண்டும், அதற்கே இழுத்தடிக்கிறார்கள். வாரிசு இல்லாத வீடு மாதிரி கிடக்கிறது இங்கே. இவர் சாமான் அறைக் கதவு ஓட்டைகளை மரத்தூள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். "இனிமே எதுக்கு அது?" என்றேன். "சும்மா" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேசவில்லை. பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்றும் இல்லை. நான் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்றைக்குப் பேசினாள். நிறைய நேரம் கொடுத்தார்கள். மணி அடிக்கவேயில்லை.

"நல்லா இருக்கேன்மா. சாப்பிட்டேன்மா. நீங்களும் அப்பாவும் எப்படி இருக்கீங்க? உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்மா."

ஃபோனுக்குள் ஏதோ இரைகிறது என்று நினைத்தேன். கேட்கக் கேட்கத்தான் புரிந்தது, ரிசீவரின் மேல் விரல் தட்டுகிற சத்தம். தட், தட்.

"ரேடியோ" என்றேன். சிரிக்கவில்லை.

அடுத்த கோடை முகாமில் அவளையும் குழுத் தலைவியாகப் போடப் போகிறார்களாம். அதற்கு இப்போதே பயிற்சியாம். விடுதியில் புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளை வைத்துப் பழகுகிறாளாம். "ஒரு குட்டிப் பொண்ணு இருக்காம்மா, என் கூடவே சுத்துவா. ரொம்ப அமைதி, வாயே தொறக்க மாட்டா. அவளுக்கு இருட்டே இல்லையாம். எவ்வளவு கேட்டாலும் இல்லன்னே சொல்றா. நான்தான் பக்கத்துல உக்காந்து மெதுவாத் தேடிக் குடுக்கணும்."

நான் காத்திருந்தேன். எங்காவது ஒரு இடத்தில் அடைக்கும் என்று, ஒரு எழுத்தாவது தடுக்கும் என்று, வாயை மூடிக்கொண்டு கடைசிவரை காத்திருந்தேன்.

ஃபோனை வைத்த பிறகு இவர் வந்து, "நல்லாப் பேசினாளா?" என்று கேட்டார்.

நல்லாப் பேசினாள் என்றேன்.